முடிச்சுப் போட நீ வர வேண்டாம்

அம்சா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொல்லி உன் தம்பி என் பக்கத்தில் நின்று பிடிவாதம் பிடித்தான். போடா, போய்க் கரும்புக்குத் தண்ணி கட்டு என்று விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நலமில்லாததை நலம் என்று எழுதிக் கப்பலேற்றினால், அது சைகோன் வந்து சேர்வதற்குள் மெய்யாகிவிடுமா என்ன? என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் பாவாடை கட்டிய வயசில் கற்றது. நீ கப்பலேறிப் போன பிறகுதான் மறுபடியும் பேனாவைப் பிடித்தேன். கூட்டிப் படித்துக்கொள். தணிகாசலத்திடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போவதை உன் தம்பி எழுத மாட்டான். பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவான்.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம்.

படித்ததும் உனக்குச் சுருக்கென்று கோபம் வரும், தெரியும். உன் மூக்கு நுனி சிவப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. போன கடிதத்தில் எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாய்! மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி முடிச்சை அவன் கூடப் பிறந்தவள்தான் போடணும், தணிகாவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், அறுத்தவள் போடக் கூடாது என்று எவள் வந்து தடுக்கிறாள் பார்க்கிறேன் என்று. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள்டி. அதுதான் எனக்குப் பயம். பெண் வீட்டார் கரியமாணிக்கத்துக்காரர்கள், நல்ல மனுஷர்கள். உன் தம்பி அவர்களிடம் போய், “எங்கக்காதான் முடிச்சு போடும். இல்லாட்டி நான் தாலியே கட்ட மாட்டேன்” என்று கையை ஆட்டிப் பேசிவிட்டு வந்தான். பெண்ணின் அப்பா இரண்டு நிமிஷம் தலையைச் சொறிந்தாராம். “வரட்டும்பா. சைகோன் பாத்த பொண்ணு. இன்னும் இன்னா அந்தக் காலத்துப் பேச்சு?” என்றாராம். இப்படிக் கதவு திறந்து கிடக்கும்போது உன்னைப் பெற்றவளே வராதே என்கிறாளே என்று உனக்குத் தோன்றும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரை படி. நடுவில் கிழித்துப் போடாதே.

அபிஷேகப்பாக்கத்தில் உன் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, உன் மாமியார் வீட்டில் உன்னை எந்த மூலையில் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நெல் குதிருக்குப் பின்னால் ஒரு பாய். உன் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. “எம் பொண்ண இட்டாந்துடறேன். பொறந்த வூட்டுக்கு வந்தா சரியாப் பூடும்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். இடம் மாறினால் மனசு மாறும், முகம் தெளியும், பழையபடி மாமரத்தில் ஏறி ஆட்டம் போடுவாய் என்று பைத்தியக்காரி போல நினைத்தேன். வண்டி வைத்து உன்னைச் சோரியாங்குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். வந்து என்ன? அங்கே ஒரு பின்கட்டு, இங்கே ஒரு பின்கட்டு. அங்கே மாமனார் வெளியில் கிளம்பும்போது ஒளிந்தாய், இங்கே அப்பா கிளம்பும்போது ஒளிந்தாய். பாகூர் கொம்யூன் ஊர்களில் எந்த வீட்டுக்கு உன்னைக் கூட்டிப் போயிருந்தாலும் அதே கதைதான். இது அப்போது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

நீ வந்த புதிதில் ஒருநாள், உன் அப்பா வில்லியனூர்ப் பக்கம் ஒரு ஜோடி மாடு பார்க்கக் கிளம்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் கால் வைக்கிறார், நீ கிணற்றிலிருந்து குடத்தோடு எதிரே வந்துவிட்டாய். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்து போனார். நீ குடத்தை இறக்கிவிட்டு என்னிடம் வந்து, “எம்மா, அப்பா இன்னாத்தியோ மறந்துட்டாரா?” என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “காலையில மாடு பூட்டற சத்தம் கேட்டா இப்படிப் பின்பக்கம் வந்துடு கண்ணு” என்று சொன்னேன். கடுகடுவென்று சொல்லவில்லை, தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னேன். மறுநாளிலிருந்து வண்டி மாட்டின் கழுத்து மணி அசைந்தால் போதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடுவாய். உன் அப்பா பொல்லாதவர் இல்லை, அம்சா. உனக்கே தெரியும். அவர் அப்பா செய்ததை அவர் செய்தார், என் அம்மா சொன்னதை நான் சொன்னேன். யோசித்துச் செய்ததாக இருந்தால் யோசித்து நிறுத்தியிருக்கலாமே!

அப்புறம் உன் மாமா சைகோனிலிருந்து வந்து இறங்கினான். அங்கே மாடுகள் வைத்துப் பால் ஊற்றுகிறவன், மாமிக்கு முடியவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். சொல்லும்போதே, நீ பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவனுக்குத் தட்டை நீட்டியதைப் பார்த்துவிட்டான். சின்ன வயசில் அவன் தோளில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தவள் நீ. “இன்னாக்கா இது? எங்கிட்டயுமா மறையறா?” என்று கேட்டான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “அம்சாவ எங்கூட அனுப்பு” என்றான். உன் அப்பா குதித்தார். கடல் தாண்டியா, தாலியறுத்த பெண்ணையா, “ஊரு இன்னா பேசும்?” என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! “ஊரு பேசட்டும். எம் பொண்ணு பேசியே மாசக்கணக்குல ஆவுது, அது உனக்குத் தெரியுதா?” என்று கத்திவிட்டேன். அதற்கு முன் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசினவள் இல்லை நான். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே பாகூர் மேரி ஆபீசுக்குப் போய், அங்கிருந்த பிரெஞ்சுக்காரனிடம் பிரயாணத்துக்கு வேண்டிய காகிதத்தை எழுதி வாங்கி வந்தார்.

நீ கப்பலேறிய அன்று புதுச்சேரிக் கடல் பாலத்தில் நடந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. எல்லாரும் நடந்து போகிறோம். உன் அப்பா நின்று, “நீ முன்னால போ அம்சா” என்றார். நீ தயங்கினாய். “போம்மா” என்று இன்னொரு தரம் சொன்னார். நீ முன்னால் நடக்க, உன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவர் பாலம் முழுக்க நடந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. இப்போதுதான் அவர் இல்லையே, சொல்லிவிட்டேன்.

சைகோன் போன புதிதில் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. அங்கேயும் நீ ஆரம்பத்தில் இங்கே போலத்தான் இருந்திருக்கிறாய். மாமா கிளம்பும் சத்தம் கேட்டால் கொட்டகைக்குள் ஓடிவிடுவாயாம். அவன் ஒருநாள் மாட்டுக்குப் பின்னால் நின்றவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, “இங்க எவன்டி உம் மூஞ்சியப் பாத்து சகுனம் பாக்கறான்? பாலு திரிஞ்சுதுன்னா உம் மூஞ்சியால இல்ல, அடுப்பால!” என்று கத்தினானாம். இருந்தாலும் அவன் கத்தியதால் நீ மாறவில்லை. திட்டியோ கெஞ்சியோ யாரும் மாறுவதில்லை, நான் பார்த்துவிட்டேன். மாமி படுத்துவிட்டாள், பால் ஊற்ற ஆள் இல்லை, அளவுபடியைக் கையில் எடுத்துக்கொண்டு நீ கடை முன்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக அந்த ஊர் அன்னமியப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தாலி என்றால் என்ன தெரியும், அறுத்தது என்றால் என்ன தெரியும்? பால் நுரையாக இருக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா, அதுதான் தெரியும். சந்தையில் பலகாரம் விற்கிற கிழவி ஒருத்தி, உன் கையால் முதல் பால் வாங்கின நாளில் வியாபாரம் ஓடுகிறது என்று தினம் விடியற்காலையில் வந்து உனக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியபோது உன் அப்பா எழுந்து வயல் பக்கம் போய்விட்டார்.

எப்போது ஒளிவதை விட்டாய் என்று உனக்கே தெரியவில்லை என்று எழுதினாயே, அந்த வரியை நான் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். ஒரு மழை நாளில் மாமா உன்னைக் கூப்பிட்டு, “நேரமாச்சு, கெளம்பறேன், கொடைய எடு” என்றானாம். நீ குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்தாயாம். அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் உனக்கே உறைத்ததாம். அந்த ஊரில் அதை ஞாபகப்படுத்த ஒன்றுமே இல்லை, அம்சா. மாட்டு மணி வேறு, வாசல் வேறு, காலையில் கேட்கிற பேச்சு வேறு. கேட்பார் இல்லாமல் அந்தப் பழக்கம் தானாகவே உதிர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு படம் அனுப்பினாய், மாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற படம். யார் இந்தப் பொம்பளை, இப்படிக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாளே என்று முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்!

உன் அப்பா போனதும் தந்தி அடித்தோம். நீ வந்து சேரும்போது கருமாதி எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை அழைத்துவர உன் தம்பிதான் புதுச்சேரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனான். அந்த வண்டியில் நடந்ததை அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். கரையில் இறங்கினதும் பெட்டி தூக்கியவனோடு சண்டை போட்டாயாம். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரைக்கும் சைகோன் கதை, மாமி கதை, மாட்டுக் கதை என்று வாய் ஓயவில்லையாம், நடு நடுவே அப்பாவை நினைத்து அழுகையுமாம். தவளக்குப்பத்தில் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாயாம். கிருமாம்பாக்கத்தில் பேச்சு நின்றுவிட்டதாம். பாகூர்க் கடைத்தெருவில் எதிரே ஒரு ஆள் புதுவேட்டி கட்டிக்கொண்டு வரவும், வண்டிக்குள் நகர்ந்து பாய்க்கு மறைவாக உட்கார்ந்தாயாம். “இன்னாக்கா, வெயிலா?” என்று இவன் கேட்டானாம். “ஆமாண்டா” என்றாயாம். வீட்டுக்குக் கிட்டே வந்ததும் நீ சொன்னது: “வண்டியக் கொல்லப் பக்கமா ஓட்டுடா தணிகா.” யாரும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவிழ்த்துவிட்ட மாடு தன் முளையைத் தேடிப் போய் நிற்பது போல நீ கொல்லைக் கதவு வழியாக வந்து நின்றாய்.

மறுநாள் காலையில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? தணிகாசலம் வண்டி பூட்டுகிறான். நான் எப்போதும்போல வாசல் தெளிக்கச் சாணித் தண்ணீரோடு போகிறேன். தாலி இறங்கி எத்தனை நாள் ஆகியிருக்கும்? என் காலுக்கு அது இன்னும் தெரியவில்லை. நீ ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். “எம்மா, இப்ப அங்க போவாத. மணி சத்தம் கேட்டா இப்படி வந்துடு. இந்தத் தவிட்டுப் பானைக்குப் பக்கத்துல நின்னுக்க. உன்ன யாருக்கும் தெரியாது, உனக்கு வாசல் தெரியும்” என்றாய். எத்தனை பிரியமாகச் சொன்னாய், அம்சா! என் கையிலிருந்து வாளியை நீயே வாங்கி வைத்தாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை, அதே குரலில், அதே மாதிரி தலையைத் தடவி நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் அப்பா செத்ததற்குக்கூட அன்றைக்கு அழுத மாதிரி நான் அழவில்லை.

அதற்குப் பிறகு என் கண் எதிரிலேயே நீ கரைந்தாய். வரும்போது கட்டியிருந்த நீலப் புடவையை மடித்து வைத்துவிட்டு, என் வெள்ளைச் சேலை ஒன்றை நீயே எடுத்துக் கட்டிக்கொண்டாய். ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்றாய். பக்கத்து வீட்டில் வளைகாப்புக்குக் கூப்பிட வந்தவள் உன்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள், நீ தலைவலி என்று படுத்துக்கொண்டாய். சைகோனில் பாலுக்குப் பேரம் பேசுகிறவளின் குரல் எங்கே போயிற்று? கூப்பிட்டால் முனகினாய். கப்பலுக்கு நாள் வந்ததும், “நான் இங்கியே இருந்துடறேன்மா. உனக்கும் தொணை வேணுமில்ல?” என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பின்கட்டில் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க ஆசையில் மிதந்தேன். அப்புறம் உன்னைப் பார்த்தேன். அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தவிட்டுப் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எழுந்து வந்து உன் பெட்டியைக் கட்டினேன். “போடி. உனக்கு ஆக்கிப் போட எனக்கு முடியாது. உம் மாமன் தலைல போய் உக்காரு” என்றேன். அம்மா என்னைத் துரத்திவிட்டாள் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டி ஏறினாய். ரொம்ப நாள் கடிதமும் போடவில்லை. துரத்தினேன்தான். வேறு எப்படிச் சொன்னால் நீ போயிருப்பாய்?

இந்தத் தரம் அப்படி ஆகாது, நான் கெட்டிப்பட்டுவிட்டேன் என்று எழுதுகிறாய். எனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்தது, போன மாசம் வரைக்கும். நிச்சயத் தாம்பூலம் மாற்றப் பெண் வீட்டார் இங்கே வந்தார்கள். அதற்கு முந்தின நாளே உன் தம்பி எல்லார் எதிரிலும், “எங்கம்மாதான் தட்டு மாத்தணும்” என்று சொல்லிவிட்டான். உன் சித்தப்பா சரி என்றார், உன் சித்தி சரி என்றாள். நானும் மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். என் அம்சா கடை முன்னால் உட்காருகிறாள், நான் பெற்ற பிள்ளைக்கு நான் தட்டுப் பிடிக்கக் கூடாதா என்று காலையிலேயே குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். பெண் வீட்டுப் பெண்கள் வந்ததும் என்னைப் பார்த்து, “வாங்க சம்பந்தி” என்று முகம் கோணாமல் கூப்பிட்டார்கள். பூ, பழம், பாக்கு, சேலை எல்லாம் தட்டில் அடுக்கினேன். மேளக்காரன் தட்டினான். அடுத்து எனக்கு நினைவிருப்பது நான் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றதுதான். தட்டு உன் சித்தி கையில் இருந்தது. நான்தான் கொடுத்தேனாம். “நீ பிடி, எனக்குக் கொல்லையில வேலை இருக்குது” என்று சொன்னேனாம். சொன்னது எனக்கு நினைவில்லை. உன் தம்பி கூட்டத்தில் என்னைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அம்சா. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. எவளாவது ஒருத்தி தடுத்திருந்தால் ரோஷம் வந்திருக்கும், தட்டை விட்டிருக்க மாட்டேன். தடுக்க ஆள் இல்லாத இடத்தில் நான் யாரோடு சண்டை போடுவது? உனக்கும் இதுதான் ஆகும். தணிகா தாலியைக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு உனக்காகக் கழுத்தைத் திருப்புவான். அத்தனை கண்ணும் உன்னைப் பார்க்கும். உன் கை பின்னால் போகும். அதற்கப்புறம் நீ சைகோனுக்குத் திரும்பிப் போனாலும் அந்தக் கையோடுதான் போவாய். அளவுபடியை எடுக்கும்போதெல்லாம் அது உனக்கு நினைவுக்கு வரும். உனக்கு அந்த ஊர் கொடுத்ததை ஒரு முகூர்த்தத்துக்காக இங்கே வந்து தொலைத்துவிட்டுப் போக வேண்டாம் கண்ணு. நான் பயந்தாங்கொள்ளி, எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று நீ திட்டலாம். திட்டு. ஒருவேளை நீ வந்தால் ஜோராக முடிச்சுப் போட்டுவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாயோ என்னவோ. அப்படி நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தால் புதுச்சேரிக் கடல் பாலத்தின் மேலேயே பாய் போட்டுப் படுத்து உனக்காகக் காத்திருக்க மாட்டேனா? ஆனால் போன தரம் அந்தக் கொல்லைக் கதவில் உன்னைப் பார்த்தவள் நான். இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தம்பி உனக்குத் தனியாக எழுதுவான், அக்கா நீ வந்தே தீரணும் என்று. அவன் பேச்சைக் கேட்காதே. நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் எந்த வாசலிலும் ஒளிந்து நின்றதில்லை, அவனுக்கு இது புரியாது. மாமிக்கு மறுபடி உடம்பு சரியில்லை, அக்காவால் அசைய முடியவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீயும் அப்படியே எழுதிவிடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த ஊரில் நல்லவன் எவனாவது உன்னைக் கேட்டால், உனக்கும் பிடித்திருந்தால், என்னைக் கேட்டு எழுதாதே. கேட்டால் என் வாய் வேண்டாம் என்றுதான் சொல்லும், அது பழகின வாய். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வரி எழுதிப் போடு. நான் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வேன்.

உன்னைப் பார்க்கணும் போல இருக்கிறது, அம்சா. கண் மங்கிக்கொண்டே வருகிறது, இந்தக் கடிதத்தையே மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் நீ எதிரில் வந்து நின்றாலும் எனக்கு உருவம்தான் தெரியும், முகம் தெரியாது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அதற்கும் நீ கிளம்பி வராதே. கொள்ளி வைக்கத் தம்பி இருக்கிறான், அழுவதற்கு உன் சித்தி இருக்கிறாள், அவள் நன்றாகவே அழுவாள். கல்யாணத்தை நாங்கள் குறையில்லாமல் நடத்திவிடுகிறோம். முடிச்சை உன் சித்தப்பா மகள் போடுவாள். மாலை போட்டு, பட்டு வேட்டி கட்டி, உன் தம்பி அழகாகத்தான் இருப்பான். அவன் அந்த நேரத்தில் அங்கும் இங்கும் பார்த்து நம்மைத் தேடுவான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தாலி கட்டும்போது நான் எங்கே இருப்பேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேளச் சத்தம் பின்கட்டிலும் நன்றாகவே கேட்கும். நம் வீட்டிலிருந்து அங்கே ஒருத்தி நின்றால் போதும். நீ வராதே.